0.00-க்கு அடுத்து 2.20: ஒரு வேன் பெட்டியின் வியாதியும் வேலூருக்கான இரண்டு எண்களும்

பள்ளியிலிருந்து எத்தனை கிலோமீட்டர் தள்ளி வந்திருக்கிறோம் என்று காட்ட ஒரு ஸ்கூல் வேனில் மாட்டிய ஜிபிஎஸ் பெட்டி இது. பள்ளி வாசலில் 0.00 காட்டும். வேன் ஒரு கிலோமீட்டர் போன பிறகும் அதே 0.00. ஒன்றரை கிலோமீட்டர் தாண்டிய கொஞ்ச நேரத்தில் திடீரென்று 2.20. அப்புறம் வெகுதூரம் வரைக்கும் 2.20-லேயே உட்கார்ந்திருக்கும். அடுத்தது 3.11, அதற்கடுத்தது 3.81. நடுவில் வேறு எண்ணே கிடையாது.

காட்பாடியில் எனக்கு எலக்ட்ரானிக்ஸ் சர்வீஸ் கடை. டிவி, இன்வெர்ட்டர், மோட்டார் ஸ்டார்ட்டர் என்று எது வந்தாலும் பார்ப்பேன். இந்தப் பெட்டியைச் செய்தது என் அக்கா பையன். டிப்ளமோ கடைசி வருடம், புராஜெக்டுக்காகச் செய்தான். ஆர்டுயினோ யூனோ என்ற குட்டிக் கணினி போர்டு ஒன்று, நியோ-6எம் ஜிபிஎஸ் மாட்யூல் ஒன்று, இரண்டு வரி எல்சிடி ஒன்று. எல்லாமே நம்மூரிலேயே வாங்கிவிடக்கூடிய சாமான்கள். கல்லூரியில் மார்க் வாங்கியதோடு அது அலமாரிக்குப் போயிருக்க வேண்டியது. பக்கத்துத் தெரு ஸ்கூல் வேன்காரர் பார்த்துவிட்டுத் தன் வண்டியில் மாட்டச் சொல்லிவிட்டார்.

அவருக்கு ஒரு நியாயமான தேவை இருந்தது. பள்ளியிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் வீடு என்றால் ஒரு கட்டணம், ஐந்துக்குள் என்றால் இன்னொன்று, அதற்கு மேல் வேறு. ஓடும் மீட்டரை வைத்து வாங்கினால், “நீங்க ஊரெல்லாம் சுத்திட்டு வந்தா அதுக்கு நாங்களா பொறுப்பு?” என்று பெற்றோர் கேட்கிறார்கள். கேட்பதும் சரிதான். அதனால் நேர்கோட்டுத் தூரம். பள்ளி ஒரு புள்ளி, வீடு ஒரு புள்ளி, இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு என்று பெட்டி சொல்ல வேண்டும். பஞ்சாயத்துக்கு இடமில்லை.

இடம் வந்துவிட்டது. 2.8 கிலோமீட்டரில் இருக்கும் வீட்டுக்குப் பெட்டி 3.11 காட்டியது. அந்த வீட்டு அம்மா போனில் வரைபடத்தைத் திறந்து அவர் முகத்துக்கு நேராக நீட்டியிருக்கிறார். இன்னொரு பக்கம், 5.1-ல் இருக்கும் வீட்டுக்கு 4.92 காட்டியது. அந்த வீட்டிலிருந்து புகார் எதுவும் வரவில்லை.

“இன்னாண்ணா இது, இஷ்டத்துக்குக் காட்டுது?” என்று வேன்காரர் பெட்டியைக் கழற்றிக் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டுப் போனார். பின்னாலேயே பையனும் வந்தான்.

“மாமா, மாட்யூல் டூப்ளிகேட்டா இருக்குமோ?”

“மொதல்ல வயரைப் பார்ப்போம்டா.”

வயர் நிலைமை மோசம்தான். புராஜெக்ட் போர்டில் குத்துகிற ஜம்பர் வயர்களை அப்படியே வேனில் விட்டிருந்தான். வண்டி குலுக்கலுக்கு அவை தாங்காது. எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு சால்டர் வைத்தேன். வண்டியின் 12 வோல்ட்டை நேராக யூனோவின் ஜாக்கில் கொடுத்திருந்தான். ஆல்டர்னேட்டர் ஓடும்போது அது 14 வோல்ட்டைத் தொடும், போர்டில் இருக்கும் ரெகுலேட்டர் தொட முடியாத அளவுக்குச் சுடும். ஒரு பக் கன்வர்ட்டர் போட்டு 5 வோல்ட்டாக இறக்கி, முன்னால் ஒரு ஆம்பியர் ஃப்யூஸும் வைத்தேன். ஆன்டெனா டாஷ்போர்டுக்குள் தகரத்துக்கு அடியில் இருந்தது. அதை முன் கண்ணாடி ஓரம் வானம் பார்க்கிற மாதிரி ஒட்டியாயிற்று. இதெல்லாம் செய்ய வேண்டிய வேலைதான், ஆனால் வியாதி இதில் இல்லை. லேப்டாப்பில் சொருகி மாட்யூல் அனுப்பும் வரிகளைப் பார்த்தால் இடம் சரியாகத்தான் வந்துகொண்டிருந்தது.

அந்த வரிகளில் வழக்கமாக எல்லோரும் தடுக்கி விழும் ஒரு குழி உண்டு. 1258.3200 என்று வந்தால் அது 12.583200 டிகிரி அல்ல, 12 டிகிரி 58.32 நிமிடம். நிமிடத்தை 60-ஆல் வகுத்துச் சேர்த்தால் 12.972 டிகிரி. காட்பாடி ஜங்ஷன் இருக்கும் அட்சரேகை அதுதான். பையன் அங்கே தப்பு செய்யவில்லை. அப்படியென்றால் இடம் சரி, அதை வைத்துப் போடும் கணக்கில்தான் கோளாறு.

இதற்காக வேனை எடுத்துக்கொண்டு சுற்ற வேண்டியதில்லை. ஜிபிஎஸ் மாட்யூலைக் கழற்றிவிட்டு, அது பேசுவது போலவே லேப்டாப்பைப் பேசவைத்தால் போதும். ஜங்ஷனிலிருந்து நேர் தெற்காக நூறு நூறு மீட்டர் தள்ளி பொய்யான இடங்களை ஒவ்வொன்றாக அனுப்பினேன். வேலூர் சைதாப்பேட்டைக் கடைத்தெரு நெரிசலில் மாட்டாமலேயே வேன் ஐந்தரை கிலோமீட்டர் ஓடிவிட்டது. 1.5 வரை 0.00. 1.6-லிருந்து 2.6 வரை 2.20. அப்புறம் 3.11. மூன்றரையைத் தொட்டதும் 3.81, பிறகு 4.40, 4.92, 5.39.

படிகள் வரவர நெருங்குகின்றன. இந்த வரிசையை எங்கோ பார்த்த மாதிரி இருந்தது. கால்குலேட்டரை எடுத்து எல்லாவற்றையும் 2.20-ஆல் வகுத்தேன். 1.414, 1.732, 2, 2.236, 2.45. பத்தாம் வகுப்பு படித்த யாருக்கும் இந்த முகங்கள் மறக்காது. 2, 3, 4, 5, 6 ஆகியவற்றின் வர்க்கமூலங்கள். ஆக, உள்ளே ஏதோ ஒன்று முழு எண்ணாக 1, 2, 3 என்று மட்டுமே நகர்கிறது, அதன் வர்க்கமூலம் தூரமாக வெளியே வருகிறது. மாட்யூல் டூப்ளிகேட்டாக இருந்தால் இவ்வளவு அழகாகத் தப்பு செய்யாது.

பையன் போட்டிருந்தது கோளத்தின் மேல் தூரம் கண்டுபிடிக்கும் பாடப்புத்தகச் சூத்திரம். இரண்டு அட்சரேகைகளின் சைனைப் பெருக்கு, கோசைனைப் பெருக்கி அதோடு தீர்க்கரேகை வித்தியாசத்தின் கோசைனையும் பெருக்கு, இரண்டையும் கூட்டு. வருவது பூமியின் மையத்தில் அந்த இரண்டு இடங்களும் உண்டாக்கும் கோணத்தின் கோசைன். அதிலிருந்து கோணத்தை எடுத்து 6371-ஆல் பெருக்கினால் கிலோமீட்டர். கணக்காகப் பார்த்தால் இதில் ஒரு குற்றமும் இல்லை.

குற்றம் எங்கே என்றால், கோணம் சின்னதாக இருக்கும்போது கோசைன் 1-ஐ ஒட்டிக்கொண்டு கிடக்கும். ஒரு கிலோமீட்டருக்கான கோசைன் 0.99999998-ஐயும் தாண்டி நிற்கிற எண். நிரலில் தசம எண்ணை வைக்க ‘ஃப்ளோட்’ என்று ஒரு வகை, அதைவிட இரண்டு மடங்கு இடம் பிடிக்க வேண்டிய ‘டபுள்’ என்று ஒரு வகை. ஆர்டுயினோ யூனோவில் ‘டபுள்’ என்று எழுதினாலும் அது நான்கு பைட்தான், ஃப்ளோட்டும் அதுவும் ஒன்றே. உருப்படியாக ஏழு இலக்கம் பிடிக்கும், அவ்வளவுதான். 1-க்குக் கீழே அதற்குத் தெரிந்த அடுத்த எண் 0.99999994. நடுவில் எதுவும் இல்லை. அந்த 0.99999994-க்குரிய கோணத்தை எடுத்து 6371-ஆல் பெருக்கிப் பாருங்கள், 2.20 கிலோமீட்டர். அதற்குக் கீழான எண்ணுக்கு 3.11. ஒன்றரை கிலோமீட்டர் வரை எல்லாமே 1 என்று சுருங்கிவிடுகிறது. அதைத் தாண்டினால் ஒரு படி கீழே விழுகிறது. வேலூரிலிருந்து டெல்லிக்குத் தூரம் கேட்டால் இதே பெட்டி ஒழுங்காகச் சொல்லும், பக்கத்துத் தெருவுக்குக் கேட்டால்தான் முழிக்கும்.

“அப்ப ஈஎஸ்பி32 போர்டு போட்டுடலாமா மாமா? அதுல டபுள் நெஜமாவே எட்டு பைட்.”

போடலாம். எட்டு பைட்டில் இதே சூத்திரத்தின் முதல் படி 2.20 கிலோமீட்டருக்குப் பதிலாகச் சுமார் பத்து சென்டிமீட்டராக இறங்கிவிடும், யார் கண்ணுக்கும் தெரியாது. ஆனால் ஓடுகிற போர்டைக் கழற்றி எறிவது எனக்குப் பிடிக்காத வேலை. சூத்திரத்தை மாற்ற ஒரு பைசா செலவில்லை. இதற்கென்றே ஹேவர்சைன் என்று ஒன்று இருக்கிறது. கோசைனுக்குப் பதில் பாதிக் கோணத்தின் சைன் வர்க்கத்தை வைத்துப் போடுவது. சைன் சின்னக் கோணத்தில் 1-ஐ ஒட்டாது, பூஜ்யத்தை ஒட்டும். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் ஃப்ளோட்டுக்கு இடம் தாராளம். கப்பல்காரர்கள் லாகரிதம் அட்டவணை பார்த்துக் கணக்குப் போட்ட காலத்திலேயே இது புழக்கத்தில் இருந்தது.

ஹேவர்சைனை ஏற்றியதும் படிக்கட்டு போய்விட்டது. 0.10, 0.20 என்று வரிசையாக ஏறியது. பையன் பெட்டியை மூடத் தயாராகிவிட்டான். நான் தெற்கே ஐந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பொய்ப் புள்ளியை அனுப்பிப் பார்த்தேன். 5.03 என்று வந்தது. கிழக்கே ஐந்து கிலோமீட்டருக்கு 4.99.

ஒரு பக்கம் கூட, ஒரு பக்கம் குறைச்சல். இதுதான் எனக்கு இந்த வேலையில் சுவாரசியமான இடம். ஹேவர்சைன் என்றதும் ஏதோ கடைசி வார்த்தை மாதிரி எல்லோரும் எடுத்துப் போட்டுக்கொள்கிறார்கள். அதற்குள்ளே 6371 என்று ஒரு எண் உட்கார்ந்திருக்கிறதே, அது யாருடைய எண் என்று கேட்பதில்லை. அது பூமி முழுவதற்குமான சராசரி ஆரம். சராசரிச் சம்பளத்தில் யாரும் குடும்பம் நடத்துவதில்லை. வேலூருக்கு வேலூர்க் கணக்குதான் வேண்டும்.

பூமி நடுவில் கொஞ்சம் பிதுங்கியது. மையத்திலிருந்து பூமத்திய ரேகைக்கு 6378.137 கிலோமீட்டர், துருவத்துக்கு 6356.752. ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ்84 என்ற வடிவத்தின் அளவுகள் இவை. 21 கிலோமீட்டர்தான் வித்தியாசம், ஆனால் அது வளைவை மாற்றிவிடுகிறது. பூமத்திய ரேகைப் பக்கம் வடக்கு தெற்காக நடந்தால் தரை சீக்கிரம் வளையும், துருவத்துப் பக்கம் தட்டையாகக் கிடக்கும். சீக்கிரம் வளைந்தால் ஒரு டிகிரி கடக்கக் குறைந்த தூரம் நடந்தால் போதும். பூமி எந்தப் பக்கம் தட்டை என்ற சண்டையைத் தீர்க்க 1735-ல் பெருவுக்கும் 1736-ல் லாப்லாந்துக்கும் பிரெஞ்சுக்காரர்கள் ஆள் அனுப்பி ஒரு டிகிரியின் நீளத்தை அளந்தது இதற்காகத்தான்.

வேலூர் 12.92 டிகிரி வடக்கில் இருக்கிறது. அந்த இடத்தில் வடக்கு தெற்கான வளைவின் ஆரம் 6338.6 கிலோமீட்டர். கிழக்கு மேற்காகப் பார்க்கும்போது 6379.2. ஒரே இடம், இரண்டு ஆரம், இரண்டுமே 6371 இல்லை. இதிலிருந்து வேலூருக்கான இரண்டு எண்கள் கிடைக்கின்றன:

அட்சரேகை ஒரு டிகிரி: 110.63 கிலோமீட்டர்.
தீர்க்கரேகை ஒரு டிகிரி: 108.52 கிலோமீட்டர்.

6371-ஐ வைத்துப் போட்டால் இவை 111.19, 108.38 என்று வரும். தெற்கே கிலோமீட்டருக்கு ஐந்து மீட்டர் கூடுதலும், கிழக்கே ஒன்றேகால் மீட்டர் குறைச்சலும் அதனால்தான்.

வேன் ஓடுவது வேலூரைச் சுற்றி. பாகாயத்துக்கும் சத்துவாச்சாரிக்கும் போக பூமி உருண்டை என்ற கவலையே தேவையில்லை. தரையைத் தட்டையாக வைத்துக்கொண்டு, வடக்கு தெற்கு வித்தியாசத்தை 110.63-ஆலும், கிழக்கு மேற்கு வித்தியாசத்தை 108.52-ஆலும் பெருக்கி, பிதாகரஸ் சொன்னபடி வர்க்கம் கூட்டி மூலம் எடுத்தால் முடிந்தது. சைனும் இல்லை, கோசைனும் இல்லை. பையன் நம்பவில்லை. “இவ்ளோதானா? புராஜெக்ட்ல இதை எழுதினா மார்க் போட மாட்டாங்க மாமா” என்றான். அது வேறு பிரச்சினை.

ஜங்ஷனிலிருந்து கோட்டைக்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். ஜங்ஷன் 12.972, 79.138. கோட்டை 12.921, 79.128. வடக்கு தெற்கு வித்தியாசம் 0.051 டிகிரி, அதாவது 5.642 கிலோமீட்டர். கிழக்கு மேற்கு 0.010 டிகிரி, 1.085 கிலோமீட்டர். நேர்த்தூரம் 5.745. லேப்டாப்பில், இப்படி நடுவில் பிதுங்கிய உருண்டைக்கு, அதாவது நீள்கோளத்துக்கான வின்சென்டியின் 1975-ம் வருடத்துச் சூத்திரத்தில் போட்டாலும் அதேதான். ஹேவர்சைன் 5.774 சொல்கிறது, 28 மீட்டர் அதிகம். கோட்டை அகழியில் விழுந்தால் தெரியும் 28 மீட்டர் எவ்வளவு என்று.

இவ்வளவு செய்தும் இன்னொரு ஓட்டை இருந்தது. நான்கு பைட் ஃப்ளோட்டில் 79.138 என்று வைத்தால், அதற்கடுத்து அதற்குத் தெரிந்த எண் 0.0000076 டிகிரி தள்ளி இருக்கிறது. தரையில் 83 சென்டிமீட்டர். அட்சரேகை 12.97 சின்ன எண் என்பதால் அங்கே படி பத்து சென்டிமீட்டர்தான். வேன் வடக்கே போனால் வழுக்கிக்கொண்டும், கிழக்கே போனால் முக்கால் மீட்டருக்கு மேலான படிகளில் குதித்துக்கொண்டும் போகும். நேர்த்தூரத்துக்கு இது பெரிய விஷயமில்லை. ஆனால் பெட்டியின் இரண்டாவது வரியில் ஓடிய தூரத்தையும் பையன் காட்டுகிறான். ஒவ்வொரு நொடியும் நகர்ந்ததைக் கூட்டிக்கொண்டே போகும் கணக்கில் இந்தப் படியும் சேர்ந்துகொண்டே போகும்.

மருந்து சுலபம். டிகிரியை ஒரு கோடியால் பெருக்கி முழு எண்ணாகவே வைத்துக்கொள்வது. 79.1380000 என்பது 791380000. யூனோவில் முழு எண் வைக்கும் ‘லாங்’ என்ற வகை இருநூறு கோடிக்கு மேல் பிடிக்கும், 180 டிகிரிக்கும் இடம் உண்டு. முழு எண்ணைக் கழித்தால் ஒரு இலக்கமும் தொலையாது. மாட்யூலின் வரிகளைப் படிக்கும் ரெடிமேட் நிரலான ஜிபிஎஸ் லைப்ரரியே டிகிரியின் முழுப் பகுதியையும் பின்னப் பகுதியையும் தனித்தனி முழு எண்களாகக் கொடுக்கிறது, அதை ஃப்ளோட்டாக மாற்றாமல் வாங்கிக்கொண்டால் போதும். கழித்த பிறகு, அட்சரேகை வித்தியாசத்தை 0.011063-ஆலும் தீர்க்கரேகை வித்தியாசத்தை 0.010852-ஆலும் பெருக்கினால் மீட்டர் வந்துவிடும். பழைய நிரலில் அரைப் பக்கம் இருந்த இடத்தில் நான்கு வரிதான் மிஞ்சியது.

சரி, காகிதத்தில் எல்லாம் ஒத்துப்போகிறது. தரையில்?

நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் முப்பது மீட்டர் எஃகு டேப்போடு வந்தார். நேராக, தடங்கல் இல்லாமல், வடக்கு தெற்காக முந்நூறு மீட்டர் வேண்டும் என்றால் எங்களுக்கு இடம் தேட வேண்டியதே இல்லை. பாலாறு மேற்கிலிருந்து கிழக்கே போகிறது, குறுக்கே நடந்தால் வடக்கு தெற்கு. தண்ணீர் இருந்தால்தானே பிரச்சினை. காலையிலேயே மணலில் இறங்கி, குச்சி நட்டு, கயிறு கட்டி, டேப்பை இழுத்து இழுத்து வைத்தோம். வெயில் ஏறினால் எஃகு நீளும் என்பதால் எட்டு மணிக்குள் முடிக்க வேண்டும் என்று நண்பர் விரட்டினார். டேப்பில் போட்டிருக்கும் அளவு 20 டிகிரி வெப்பத்துக்கானது. டேப் 40 டிகிரிக்குச் சூடானால் முந்நூறு மீட்டரில் ஏழு சென்டிமீட்டர் இடிக்கும்.

“இந்த ஏழு சென்டிமீட்டருக்கு லாம்டன் தூக்கத்தை விட்டிருப்பார்” என்றார் நண்பர். தென்னிந்தியாவை முக்கோணங்களால் அளந்த ஆங்கிலேய அதிகாரி வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலைப் பக்கத்தில் தன் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். சுமார் ஏழரை மைல் நீளம், நூறடி எஃகுச் சங்கிலி. அந்தச் சங்கிலியை வெயில் படாமல் மரப்பெட்டிகளுக்குள் நீட்டி, பெட்டிக்குள் தெர்மாமீட்டர் வைத்து, சூட்டுக்கு ஏற்றபடி அளவைத் திருத்திக்கொண்டே போனார். அந்த ஒரு கோட்டை அளந்த பிறகு மற்றதெல்லாம் கோணம்தான். மலை உச்சிக்கு மலை உச்சி முக்கோணம் கட்டி, வட ஆற்காட்டுப் பக்கத்துக் குன்றுகளையெல்லாம் தாண்டி மங்களூர் வரை போனது அந்த வலை. அதுவரை வரைபடத்தில் சென்னைக்கும் மங்களூருக்கும் நடுவில் 400 மைல் போட்டிருந்தார்கள். லாம்டன் கணக்கில் 360-தான் வந்தது. நாற்பது மைல் நிலத்தை ஒரே அடியாகக் காணாமல் அடித்துவிட்டார்.

அதை மணலில் உட்கார்ந்தே சரிபார்த்தோம். சென்னையும் மங்களூரும் கிட்டத்தட்ட நம் அட்சரேகையில்தான் இருக்கின்றன. சென்னை 80.27 கிழக்கு, மங்களூர் 74.84. வித்தியாசம் 5.43 டிகிரி. 108.5-ஆல் பெருக்கினால் 589 கிலோமீட்டர், மைலாக மாற்றினால் 366. ஊரில் எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளி என்பதைப் பொறுத்துச் சில மைல் முன்னே பின்னே இருக்கும். வேன் பெட்டிக்காகக் கண்டுபிடித்த எண் இதற்கும் உதவியது.

அந்தக் கதையை ஓரமாக வைத்துவிட்டுப் பெட்டியைப் பார்த்தால், முந்நூறு மீட்டருக்கு அது 298-க்கும் 303-க்கும் நடுவில் ஆடிக்கொண்டிருந்தது. பையனுக்கு முகம் தொங்கிப்போயிற்று. ஆனால் அது மாட்யூலின் குணம். திறந்த வெளியிலேயே இரண்டரை மீட்டர் அளவில் அலையும் என்று அதன் காகிதத்திலேயே போட்டிருக்கிறது. முந்நூறு மீட்டரில் 6371-க்கும் நம் எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் ஒன்றரை மீட்டர்தான். அந்த ஆட்டத்துக்குள் அது மூழ்கிவிடும். இந்தத் தூரத்தில் எந்தச் சூத்திரம் உசத்தி என்று கேட்பதே வீண். ஐந்து கிலோமீட்டரில் கதை மாறுகிறது. மாட்யூல் அதே இரண்டு மூன்று மீட்டர்தான் ஆடும், சூத்திரத்தின் தப்பு 28 மீட்டராக வளர்ந்திருக்கும். அங்கே சூத்திரம் கண்ணுக்குத் தெரியும். வேனில் மாட்டி ஜங்ஷனிலிருந்து கோட்டை வரை ஓட்டியபோது 5.74, 5.75 என்றுதான் காட்டியது.

இந்தத் தட்டைக் கணக்கு எவ்வளவு தூரம் தாங்கும் என்று பையன் கேட்டான். நல்ல கேள்வி. ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் இருக்கிறது, வைணு பாப்பு பெயரில். அதன் இடம் 12 டிகிரி 34.6 நிமிடம் வடக்கு, 78 டிகிரி 49.6 நிமிடம் கிழக்கு. கோட்டையிலிருந்து வேலூர் எண்களை வைத்தே போட்டால் 50.20 கிலோமீட்டர். தெற்கே போகப் போகத் தீர்க்கரேகை டிகிரி கொஞ்சம் நீளும் என்பதால், இரண்டு ஊருக்கும் நடு அட்சரேகையான 12.75-க்கு உரிய 108.59-ஐ எடுத்தால் 50.22. ஹேவர்சைன் 50.34. ஐம்பது கிலோமீட்டரில்கூட நம் நான்கு வரி, கோளக் கணக்கைவிட உண்மைக்கு நெருக்கமாக நிற்கிறது. பழைய வட ஆற்காடு மாவட்டம் முழுவதற்கும், இப்போது வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று பிரிந்து கிடப்பதற்கும், நடு அட்சரேகையை மட்டும் கவனித்தால் போதும். டெல்லிக்கு இது ஆகாது. டெல்லிக்கு யார் ஸ்கூல் வேன் விடப்போகிறார்கள்.

நண்பரிடம் பழைய டோப்போ ஷீட், அதாவது நில அளவை வரைபடம் ஒன்று இருந்தது. அதிலிருந்து புள்ளி எடுத்துப் பெட்டியோடு ஒப்பிடலாமா என்றார். வேண்டாம் என்றேன். அந்தக் காலத்து ஷீட்கள் எவரெஸ்ட் 1830 என்ற வேறு நீள்கோளத்தை வைத்து வரைந்தவை. லாம்டனுக்குப் பிறகு வந்த ஜார்ஜ் எவரெஸ்ட் இந்தியாவுக்குப் பொருந்தும்படி செய்த அளவு அது. அதில் எழுதியிருக்கும் டிகிரியும் ஜிபிஎஸ் சொல்லும் டிகிரியும் ஒன்றல்ல. நம் பக்கத்தில் நூறு மீட்டருக்கு மேலேயே தள்ளிப்போகும். இரண்டு புள்ளியையும் அதே ஷீட்டில் எடுத்தால் தூரம் ஏறக்குறைய சரியாக வரும். ஒன்றை ஷீட்டிலும் ஒன்றைப் போனிலும் எடுத்தால் வம்புதான்.

கடைசியாக ஒரு தொல்லை மிச்சம். பள்ளி வாசலில் வேன் நின்றுகொண்டிருக்கும்போதே ‘ஓடிய தூரம்’ ஏறிக்கொண்டிருந்தது. மாட்யூல் இரண்டு மூன்று மீட்டர் ஆடுகிறதே, அந்த ஆட்டமெல்லாம் ஓட்டமாகச் சேர்ந்துவிடுகிறது. அரைமணி நேரம் நின்றால் நூறு இருநூறு மீட்டர் சும்மாவே ஓடியிருக்கும். இதற்கு இடத்தை நம்பாமல் வேகத்தை நம்பினேன். மாட்யூல் வேகத்தைத் தனியாக, சிக்னலின் டாப்ளர் மாற்றத்திலிருந்து, அதாவது நகரும்போது சிக்னலின் அதிர்வெண் மாறுவதிலிருந்து, கணித்துத் தருகிறது. நிற்கும்போது அது இடத்தைவிட ஒழுங்காகப் பூஜ்யத்தை ஒட்டி நிற்கும். மணிக்கு மூன்று கிலோமீட்டருக்குக் கீழே இருந்தால் கூட்டாதே என்று ஒரு வரி. வேகம் ‘நாட்’ (knot) என்ற அலகில், அதாவது மணிக்கு இத்தனை கடல் மைல் என்று வருவதால் 1.852-ஆல் பெருக்க வேண்டும். ஒரு கடல் மைல் 1852 மீட்டர், அட்சரேகை ஒரு நிமிடத்தின் சராசரி நீளம். வேலூரில் நிஜமான ஒரு நிமிடம் 1844 மீட்டர்தான் என்றதும் பையன் சிரித்துவிட்டான்.

பெட்டி இப்போது வேனில் ஓடுகிறது. 2.8 கிலோமீட்டர் வீட்டுக்கு 2.80-தான் காட்டுகிறது. 5.1 வீட்டுக்காரரிடம் புதுக் கட்டணத்தை எப்படிச் சொல்வது என்பதை வேன்காரர் என்னிடம் கேட்டார். அது என் கடை வேலையில் சேராது என்று சொல்லிவிட்டேன்.

வேறு ஊரில் இதைச் செய்பவர்கள் என் எண்களை அப்படியே எடுக்கக் கூடாது, குறிப்பாக இரண்டாவதை. உங்கள் ஊர் அட்சரேகையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இரண்டு மடங்குக் கோணத்தின் கோசைனை 559.82-ஆல் பெருக்கி 111132.95-லிருந்து கழியுங்கள், நான்கு மடங்குக் கோணத்தின் கோசைனை 1.175-ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். அட்சரேகை ஒரு டிகிரி மீட்டரில் வந்துவிடும். தீர்க்கரேகைக்கு, அட்சரேகையின் கோசைனை 111412.84-ஆல் பெருக்கி, மூன்று மடங்குக் கோணத்தின் கோசைனை 93.5-ஆல் பெருக்கிக் கழித்தால் போதும். சென்னைக்கு 110.63, 108.45. யாழ்ப்பாணத்துக்கு 110.61, 109.75. கன்னியாகுமரிக்கு 110.60, 110.22, அங்கே இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடுகின்றன. டெல்லியில் இருப்பவர் இரண்டாவது இடத்தில் 97.80 போட வேண்டும். இந்தக் கணக்கை ஒருமுறை லேப்டாப்பில் போட்டு, இரண்டு எண்ணையும் யூனோவுக்குள் எழுதிவைத்தால் முடிந்தது. ஓடும் வண்டியில் அதைப் போய் நொடிக்கு நொடி கோசைன் கணக்குப் போட வைக்க வேண்டாம்.